மருந்து எடுக்கும் நாட்களில் மதுபானம்: எந்த மருந்துக்கு எத்தனை நாள்?

கிணறு இறைத்து, தறப்பாளை எடுத்துத் தகரம் போட்டு, பால் காய்ச்சும் நாளும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறு முகாமில் இருந்த மச்சானும் சித்தப்பாவும் பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் முற்றத்துக்கு வருகிறார்கள். வந்தவர் கையில் ஒரு போத்தல். வீட்டுக்காரருக்கோ பற்றை வெட்டும்போது கத்தி பட்ட காயம் காலில் இருக்கிறது. நடமாடும் வைத்திய சேவையில் கொடுத்த குளிசை இன்னும் நான்கு நாளைக்குப் போட வேண்டும். அந்த நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான்: "இண்டைக்கு ஒரு நாள் மருந்தை விட்டிட்டு நாளைக்குப் போடுவம்."

மருந்தும் மதுவும் சேர்ந்தால் நஞ்சு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் பயத்தில் பலர் மதுவை விடுவதில்லை, மருந்தைத்தான் விடுகிறார்கள். காயம் ஆறாமல் சீழ் பிடிப்பதும், மாறின காய்ச்சல் இரண்டு கிழமையில் திரும்பி வருவதும் பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆகவே யாருக்கும் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்த மருந்தோடு மது ஆபத்து, எந்த மருந்தோடு அவ்வளவு ஆபத்தில்லை, மருந்து முடிந்து எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பவை தெரிந்திருந்தால், வீட்டில் யாரும் பயத்தினால் மருந்தை விட மாட்டார்கள்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

அன்டிபயோட்டிக் என்று வைத்தியசாலையில் சொல்வது கிருமியைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்துகளை. காயம், நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், சலக்கடுப்பு, நெஞ்சில் சளி, முரசு வீக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருந்து உண்டு. ஒருவருக்குச் சொன்ன புத்திமதி இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அமொக்சிசிலின், குளொக்சசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள்தான் காயத்துக்கும் சளிக்கும் அதிகம் கொடுக்கப்படுபவை. இவற்றுக்கும் மதுவுக்கும் இடையில் நேரடியான பகை கிடையாது. ஒரு கிளாஸ் கள்ளுக் குடித்ததால் அமொக்சிசிலின் வேலை செய்யாமல் போவதில்லை. நஞ்சாக மாறுவதும் இல்லை. அதற்காகக் குடிக்கச் சொல்லவில்லை. நோயோடு போராடும் உடம்புக்கு நித்திரை, சாப்பாடு, தண்ணீர் மூன்றும் தேவை. மது மூன்றையும் குழப்பும். அதோடு, குடித்த இரவில் எட்டு மணிக் குளிசை மறந்துபோகும். போட்டாலும் சத்தியோடு வெளியே வந்துவிடும். வயிற்றோட்டம் உள்ளவர் குடித்தால் உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரும் சலமாகப் போய்விடும். அவருக்கு வேண்டியது ஜீவனி.

கள்ளைப் பற்றியும் ஒரு சொல். "கள்ளு சூட்டைத் தணிக்கும் சாமான், அது குடியில்லை" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். புளித்த கள்ளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு மதுசாரம் இருக்கிறது. சாராயத்தில் அது நூற்றுக்கு 33 பங்குக்கு மேல். கணக்குப் பார்த்தால், ஒரு போத்தல் கள்ளுக் குடித்தவர் கால் போத்தல் சாராயத்தில் பாதிக்கு மேல் குடித்ததற்குச் சமம். கீழே மது என்று சொல்லும் இடமெல்லாம் கள்ளும் பியரும் சேர்த்துத்தான். சுண்ணாம்பு இட்டு இறக்கிய, புளிக்காத கருப்பணியில் மதுசாரம் இல்லை. கசிப்பை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதில் என்ன இருக்கிறது என்று வடித்தவருக்கே தெரியாது. மருந்து எடுக்காதவருக்கும் அது ஆபத்துத்தான்.

உறையில் மெட்ரோனிடசோல் என்று இருந்தால்

இந்தப் பெயரை வீட்டில் எல்லோரும் அறிந்து வைத்திருங்கள். பிளாஜில் என்ற பெயரிலும் இது வரும். பல்லுப் பிடுங்கிய பிறகும் முரசில் சீழ் கட்டினாலும் கொடுப்பார்கள். வயிற்றுளைவுக்கும், பெண்களுக்கு வரும் சில வகை வெள்ளைபடுதலுக்கும், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கொடுப்பார்கள். வெள்ளைபடுதலுக்காக மனைவிக்குக் கொடுக்கும்போது கணவனுக்கும் சேர்த்துக் கொடுப்பது உண்டு. தனக்கு எந்த வருத்தமும் இல்லையே என்று நினைத்து அவர் கவனமில்லாமல் இருந்துவிடலாம். எச்சரிக்கை அவருக்கும் உரியது.

இந்த மருந்தோடு மது குடித்தால் சிலருக்கு முகமும் கழுத்தும் சிவந்து சூடேறும், நெஞ்சு படபடக்கும், தலையிடி, வயிற்றுப் பிரட்டல், சத்தி, தலைச்சுற்று வரும். மதுசாரம் ஈரலில் இரண்டு படிகளில் கரைகிறது. முதற் படியில் உண்டாகும் நச்சுப் பொருளை இரண்டாவது படியில் உடம்பு அழித்துவிடும். அந்த இரண்டாவது படியை மெட்ரோனிடசோல் தடுக்கிறது என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இப்போது கருத்து வேறுபாடு உண்டு. எல்லோருக்கும் இப்படி வருவதும் இல்லை. "நான் குடிச்சனான், எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்று பக்கத்து வீட்டு அண்ணர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு வழியும் இல்லை. இருதய வருத்தமோ இரத்த அழுத்தமோ உள்ளவர் அதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

மருந்து எடுக்கும் நாட்களில் மட்டுமல்ல, முடிந்த பிறகும் பொறுக்க வேண்டிய மருந்து இது. கடைசிக் குளிசையிலிருந்து குறைந்தது 2 முழு நாட்கள் என்று சில மருந்துத் தாள்களில் இருக்கும். 3 நாட்கள் என்று சிலவற்றில் இருக்கும். 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் என்பது 24 மணித்தியாலம். வியாழன் இரவு 8 மணிக்குக் கடைசிக் குளிசை போட்டால், ஞாயிறு இரவு 8 மணிவரை மது வேண்டாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த டினிடசோல் என்ற மருந்து உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். அதற்கும் 3 முழு நாட்கள்.

மது என்று தெரியாமல் உள்ளே போகும் மதுவும் உண்டு. பல்வலி வந்தால் பஞ்சில் சாராயம் தோய்த்துப் பல்லில் வைப்பதும் வாயில் வைத்துக் கொப்பளிப்பதும் எங்கள் ஊர்களில் வழக்கம். அதே பல்லுக்கு மெட்ரோனிடசோல் எடுக்கும்போது அதை நிறுத்துங்கள். உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். பிள்ளை பெற்ற தாய்க்கு அரிட்டம் கொடுப்பதும் பழைய வழக்கம். அரிட்டம் புளிக்கவைத்துச் செய்யும் மருந்து என்பதால் அதில் மதுசாரம் தானாகவே உண்டாகிறது. சில வீடுகளில் உடம்பு தேறட்டும் என்று பிராந்தியும் கொடுப்பார்கள். சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மெட்ரோனிடசோல் கொடுக்கப்படுவது உண்டு. பத்தியச் சாப்பாடு தாராளமாகக் கொடுங்கள். அரிட்டத்தையும் பிராந்தியையும் மட்டும் குளிசை முடிந்து மூன்று நாள் ஆகும்வரை ஒதுக்கி வையுங்கள். அம்மம்மா கோபிக்கலாம். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரைக் கொண்டு சொல்விக்கலாம். அவர் சொன்னால் கேட்பார். சில இருமல் பாணிகளிலும் மதுசாரம் கலந்திருக்கும், வாங்கும்போது கேளுங்கள்.

வயல் இறங்குபவருக்கு டொக்சிசைக்கிளின்

எலிக்காய்ச்சல் எலியின் சலம் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உடம்புக்குள் போகிறது. 2008ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 7000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் என்று பதிவானார்கள். பல வருடம் தரிசாகக் கிடந்த வயலை மறுபடி உழும்போது இதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். ஆபத்துள்ள இடங்களில் வயல் வேலை தொடங்குமுன் டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் உங்கள் பகுதிக்கு அது தேவையா என்று சொல்வார். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது உரியதல்ல. வீட்டில் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போதாவது குடிப்பவருக்கு இந்த மருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. நெடுநாளாக அதிகம் குடிப்பவரின் ஈரல் இந்த மருந்தை வழமையைவிட வேகமாக வெளியேற்றிவிடும். மருந்து எடுத்தும் பாதுகாப்புக் குறையும். அப்படிப்பட்டவர் மருந்து வாங்கும்போதே அதைச் சொன்னால் வைத்தியர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். இன்னொன்று: இந்தக் குளிசை தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் படுக்காமல் இருங்கள். பால் தேத்தண்ணியோடு போட வேண்டாம். மருந்து உடம்பில் சுவறுவது குறையும்.

காசநோய் மருந்து எடுப்பவருக்கு

முகாம்களில் நெருக்கமாக வாழ்ந்த காலத்தில் பிடித்த காசநோய் இப்போது வெளித்தெரியலாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வழமையான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 4 மாதம் இரண்டு மருந்துகள். இவற்றில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பிரசினமைட் மூன்றும் ஈரலுக்குப் பாரம் கொடுப்பவை. மதுவும் அதே ஈரலுக்குத்தான் பாரம். இரண்டும் சேர்ந்தால் ஈரல் அழற்சி வரக்கூடிய ஆபத்துக் கூடுகிறது. சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியும். இந்த 6 மாதமும் மதுவை முற்றாகத் தவிர்க்கும்படிதான் கிளினிக்கில் சொல்வார்கள். அது சரியான அறிவுரை.

ஆனால் 6 மாதம் என்பது நீண்ட காலம். ஊருக்குத் திரும்பி, இழந்தவர்களின் திவசம் ஒவ்வொன்றாக வரும் வருடத்தில் அது இன்னும் நீளம். இடையில் குடித்துவிட்ட ஒருவர் வெட்கத்தில் கிளினிக்குக்குப் போகாமல் விட்டு, மருந்தையும் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் கூடிய கேடு. மருந்தை இடையில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு வரும் சிகிச்சை இன்னும் நீண்டது, கடுமையானது. அதற்கிடையில் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் நோய் தொற்றும். குடித்தால் குடித்தேன் என்று சொல்லுங்கள். அதற்காகச் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள். இரத்தத்தைப் பரிசோதித்து ஈரலைக் கவனித்துக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள்.

ரிஃபாம்பிசின் எடுக்கும்போது சலம் செம்மஞ்சள் நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. கண் மஞ்சளாவதும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவதும், சத்தி நிற்காமல் வருவதும் வேறு. அவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஐசோனியாசிட்டினால் கால் விறைப்பு வருவதுண்டு. குடிப்பவர்களுக்கு அது கூடுதலாக வரும். அதைத் தடுக்க ஒரு விற்றமின் குளிசை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கரையோரத்தில் உள்ளவர்களுக்கு மேலும் ஒன்று: இதே மருந்து எடுக்கும் காலத்தில் சூரை போன்ற கருஞ்சதை மீன்களைச் சாப்பிட்டாலும் சிலருக்கு முகம் சிவந்து தலையிடி வரும். இலங்கை வைத்தியர்களே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால்

இதை வீட்டுப் பெண்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். நெடுங்காலம் தினமும் அதிகமாகக் குடித்த ஒருவர், மருந்துக்காகவோ வைத்தியசாலையில் தங்கியதாலோ ஒரே நாளில் நிறுத்தினால், சில மணித்தியாலங்களில் கை நடுங்கத் தொடங்கலாம். வியர்க்கும், நித்திரை வராது, பதைபதைப்பாக இருக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் இல்லாத ஆட்களைக் கண்டு கதைப்பார், ஆட்களை அடையாளம் தெரியாமல் கத்துவார். காய்ச்சலோடு இப்படி நடந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிலர் நினைப்பார்கள். பேய் பிடித்தது என்று கோவிலுக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு. செல்லடியில் கண்டவை திரும்ப வருகின்றன என்று நினைக்கிறவர்களும் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், இந்த நிலையில் அவருக்கு உடனே வைத்தியசாலை தேவை. கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

ஆகவே வார்டில் அனுமதிக்கும்போது "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார்" என்று கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டாம். தாதி கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து இருக்கிறது. ஆள் தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். வீட்டில் இருந்து மருந்து எடுப்பவராக இருந்தாலும், நிறுத்துமுன் வைத்தியரிடம் கதைப்பது நல்லது. அவருக்கு மெட்ரோனிடசோல் தேவையாக இருந்தால், இந்தத் தகவலை வைத்து வேறு மருந்து கொடுக்க முடியுமா என்று வைத்தியர் பார்ப்பார்.

தினமும் குடிப்பவருக்குப் பனடோலும் கவனம். வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் போடக் கூடாது என்பது பொதுவான எல்லை. ஈரல் பழுதடைந்தவருக்கு அதுவே கூடிப்போகும். எத்தனை போடலாம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஏற்கனவே குடித்துவிட்டால்

பால் காய்ச்சிய வீட்டுக்குத் திரும்புவோம். குளிசை நாளில் வீட்டுக்காரர் குடித்துவிட்டார். மனைவிக்கு இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் உறையை எடுத்துப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் குளிசையைச் சிறிய கடதாசி உறையில் போட்டு மேலே எழுதித் தருவார்கள். அமொக்சிசிலின், குளொக்சசிலின் என்றிருந்தால், அடுத்த குளிசையை அதன் நேரத்துக்குக் கொடுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

மெட்ரோனிடசோல், டினிடசோல் என்றிருந்தால் மேலும் குடிக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில் இருத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தனியே விட வேண்டாம். முகச் சிவப்பும் சத்தியும் பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் தணிந்துவிடும். நெஞ்சு நோ, மூச்சு முட்டு, மயக்கம், நிற்காத சத்தி இவற்றில் ஒன்று வந்தால் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். ஒன்றும் வராவிட்டாலும் விடிந்ததும் கிளினிக்கில் நடந்ததைச் சொல்லி, மிச்சக் குளிசையை எப்படித் தொடர்வது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உறையில் எழுதியது விளங்காமல் போவதும் உண்டு. சில எழுத்தை மருந்து கொடுத்தவரே திரும்ப வாசிக்கச் சிரமப்படுவார். ஆகவே மருந்து வாங்கும் யன்னலிலேயே மூன்று விடயம் கேளுங்கள்: இதன் பெயர் என்ன, எத்தனை நாளைக்கு, குடிக்கலாமா. மூன்றாவதைக் கேட்க வெட்கமாக இருந்தால் "அவர் இடைக்கிடை எடுப்பார்" என்று சொன்னால் போதும், விளங்கிக்கொள்வார்கள். பதிலை உறையின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். குளிசை முடிந்த பிறகும் அந்த உறையை எறியாமல், கடைசிக் குளிசை போட்ட நாளையும் நேரத்தையும் அதில் குறித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.